இடது பக்கத்துக் கண்ணாடி

மேலக்குறிச்சிக்குப் போகிற வழியில் முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு குடில் இருந்தது. அங்கே இருந்த அம்மைக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் பூவராகனுக்கு அறுபத்தொன்று. குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

அம்மை குடிலில் யாரையும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலை மட்டும் காரில் வெளியே வருவார். பின் இருக்கையில் இடது பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவார். ஊரின் மூன்று தெருக்களிலும் கார் நடக்கிற வேகத்தில் போகும். குறை உள்ளவர் யாரானாலும் கதவு விளிம்பைப் பிடித்தபடி கூடவே நடந்து சொல்லலாம். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரைக்கும் ஒருவருக்கு நேரம். அதற்குப் பிறகு அடுத்தவர் பிடித்துக்கொள்வார்.

ஊரில் இதற்குக் கண்ணாடி பிடிக்கிறது என்று பெயர். "என்னடி, மருமக சரியாப் பேசறாளா?" என்று கேட்டால், "கண்ணாடி பிடிச்சிட்டு வந்தேன், இப்பப் பரவால்ல" என்பார்கள். அம்மை பெரிதாக ஒன்றும் சொல்லிவிட மாட்டார். கேட்பார், அவ்வளவுதான். கேட்கிறதற்கு ஆள் இல்லாத ஊரில் அதுவே பெரிய வைத்தியமாக இருந்தது.

இங்கே வருவதற்கு முன் அம்மை என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. ஏதோ சொல்லிக்கொடுக்கிற வேலை என்று மட்டும் தெரியும்.

பூவராகன் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். எந்த பஸ்ஸையும் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டாலே எந்த வயரில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பது டிப்போவில் பேச்சு. மனைவி போனதும் வீட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் குடிலுக்கு வந்தார். கார் ஓட்டுவது, வாசல் கேட்டைப் பார்த்துக்கொள்வது, இரண்டும் அவர் பொறுப்பு.

ஆசையை விட்டேன், உப்பு புளியை விட்டேன், நாற்காலியில் உட்காருவதைக்கூட விட்டேன் என்பார். ஒன்றை மட்டும் விடவில்லை. காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை மடித்து வைத்திருந்தார்.

தம்பி ஆதிமூலத்தின் மகள் கல்யாணப் பத்திரிகை. அந்தப் பெண்ணைத் தோளில் வைத்து வளர்த்தவர் பெரியப்பா பூவராகன். பத்திரிகையில் மாமன் பெயர் இருந்தது, சித்தப்பன் முறையில் யார் யாரோ இருந்தார்கள், கனடாவிலிருந்து வர முடியாத ஒருவர் பெயர்கூட இருந்தது. இவர் பெயர் இல்லை. சாமியாரிணியிடம் போய்விட்டவர் பெயரை மங்கல காரியத்தில் போடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்ல, ஆதிமூலம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

"இனி அவன் செத்தாலும் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று பூவராகன் சொன்னது தை மாதம். அன்றைக்கே தம்பி வீட்டு எண்கள் எதுவும் வராதபடி செல்போனில் அடைத்துவிட்டார். தினமும் காலையில் ஜபம் முடிந்ததும் அந்தப் பத்திரிகையைப் பிரித்து ஒரு தடவை படிப்பார். ஜபத்தில் மனம் அலைந்தாலும் இதில் அலைந்ததே இல்லை.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை, கார் நடுத்தெருவில் திரும்பும்போது அஞ்சலை நிற்பதைப் பூவராகன் பார்த்தார். ஆதிமூலத்தின் மனைவி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்த முறை தனக்குத்தான் என்று மின்கம்பத்தை ஒட்டி நின்றாள். போன் போட்டுப் பார்த்து, குடில் கேட்டுக்கு இரண்டு முறை வந்து திரும்பி, கடைசியில் கண்ணாடி பிடிக்க வந்திருந்தாள்.

அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். உங்க டிரைவரை வீட்டுக்கு அனுப்புங்க அம்மை என்பாள். அம்மை சொன்னால் தட்ட முடியாது.

அவள் கை விளிம்பைத் தொடுவதற்குள் பூவராகன் தன் பக்கத்துக் கதவில் இருந்த சுவிட்சை இழுத்தார். பின்பக்கக் கண்ணாடி மேலே ஏறியது. என்னவோ என்று அம்மை பின்னாலிருந்து தன் சுவிட்சை அழுத்த, ஏறிய கண்ணாடி இறங்கியது. டிரைவர் பக்கத்தில் அந்தச் சுவிட்சுகளுக்கு அருகே ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால் மற்ற இடங்களிலுள்ள சுவிட்சுகள் எதுவும் வேலை செய்யாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காக வைத்தது. பூவராகன் அதை அழுத்தினார். மறுபடி கண்ணாடியை ஏற்றினார். அது போய் மேலே முட்டி நின்றது.

அஞ்சலையின் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்தது. அவள் நடந்துகொண்டே பேசினாள். கோயில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மைக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அடுத்த மின்கம்பம் வந்ததும் ஊர் வழக்கப்படி கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு ஐயா?" என்றார் அம்மை. சீடரை அவர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

"கண்ணாடி மக்கர் பண்ணுது அம்மை. இறங்க மாட்டேங்குது."

"ஏறுச்சே?"

"அதான் மக்கர்."

"அந்தப் பொண்ணு யாரு?"

"தெரியலை அம்மை. வெளியூராட்டம் இருக்கு."

ஒரு மின்கம்ப தூரத்தில் தம்பி மனைவியை வெளியூர்க்காரி ஆக்கிவிட்டார்.

குடிலுக்கு வந்ததும் காரைத் துடைத்தார். கண்ணாடியில் அஞ்சலையின் கை அச்சு வியர்வையோடு இருந்தது. அதையும் துடைத்தார்.

பொத்தானை அன்றைக்கே மறுபடி அழுத்திப் பூட்டை எடுத்துவிட்டிருக்கலாம். தானாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் வருவாள். ஆகவே பூவராகன் பழுது பார்க்க உட்கார்ந்தார். பழுதில்லாத பொருளைப் பழுது பார்ப்பதைப் போலச் சிரமமான வேலை உலகத்தில் வேறு இல்லை. அதற்கு நிஜமாகவே தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். அம்மை ஒரு மணையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன ஐயா?"

"ஃபியூஸ் அம்மை. கரண்ட் மிஞ்சிப் போனா இது தன்னை அறுத்துக்கும். மத்ததெல்லாம் தப்பிக்கும்."

"அறுந்ததை ஒட்ட வைக்கலாமா?"

"முடியாது. புதுசுதான் போடணும்."

"இது அறுந்திருக்கா?"

பூவராகன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இல்லை. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அறுந்தது வேறெங்கேயோ" என்றார் அம்மை. எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை பின் கதவின் சுவிட்சைக் கழற்றி, சோதிக்கிற விளக்கை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. எரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டார்.

"இதுக்குக் கரண்ட் எங்கேருந்து வரணும்?" என்று கேட்டார் அம்மை.

"முன்னாடியிலேருந்து."

"முன்னாடி யாரு இருக்கா?"

"நான்தான்."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து அம்மை கேட்டார். "வலது பக்கக் கண்ணாடி?"

"அதுவும் இறங்கலை அம்மை."

"ரெண்டும் ஒரே நாள்லயா போகும்?"

"போகும் அம்மை. இப்ப வர்ற சாமான் அப்படி."

"உங்க பக்கத்துல இருந்து இறக்க முடியாதா?"

"அதுலயும் வரலை."

வாய் கூசாமல் சொன்னார். அம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை கதவின் உள்பலகையையே கழற்றினார். மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தார். மோட்டார் உறுமியது. கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அம்மை சிரித்துவிட்டார். "இறங்குதே!"

"மோட்டார் நல்லாருக்கு. நடுவுலதான் எங்கேயோ கோளாறு."

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே இறக்கி விட்டுடுங்க. பலகையை அப்புறம் மாட்டிக்கலாம்."

பூவராகன் இதை எதிர்பார்க்கவில்லை. "மழை வந்தா உள்ள தண்ணி போயிடும் அம்மை."

அம்மை வானத்தைப் பார்த்தார். பங்குனி வெயில் முந்திரி இலையெல்லாம் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"மழையா?"

"வந்தாலும் வரும்."

வயரை மாற்றிக் கொடுத்தார். கண்ணாடி மேலே ஏறியது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி படுத்திருப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். அம்மை எழுப்பவில்லை. உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை கண்ணாடி மூடியே இருந்தது. ஊர்க்காரர்கள் குழம்பிப்போனார்கள். சிலர் சீட்டில் எழுதி வைப்பரில் சொருகினார்கள். ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியைத் தடவியபடியே நடந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நடுத்தெருவில் அஞ்சலை நின்றாள். போன வாரத்தைவிடக் கறுத்திருந்தாள். கையில் மருந்துக்கடைப் பை. கார் அருகில் வந்ததும் கண்ணாடியில் கை வைத்தாள். ஒரு கையால் போதாதென்று இரண்டு கையையும் வைத்தாள். நடந்தாள். இந்த முறை கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"நிறுத்துங்க ஐயா" என்றார் அம்மை.

"பின்னாடி பஸ் வருது அம்மை."

"நிறுத்துங்க."

நிறுத்தினார். மூன்று மின்கம்பம் தள்ளி, குளத்தங்கரைத் தெருவில் திரும்பிய பிறகு நிறுத்தினார். அம்மை திரும்பிப் பார்த்தார். தெரு முனையில் யாரும் இல்லை. பஸ்ஸும் வரவில்லை.

அம்மை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்வது எளிது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், தம்பியின் தெருக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து குடிலின் கேட்டைத் தட்டினார். பூவராகன் கதவுப் பலகையை மறுபடி கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர் யார் என்று தலையைத் தூக்காமலே தெரிந்தது. தூது விடுகிறானா, விடட்டும் என்று நினைத்தார். காதில் விழாதவர் மாதிரி ஸ்பேனரைத் தேடினார். ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

"பூவராகண்ணே! பூவராகண்ணே!"

ஏழெட்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சைக்கிள் போய்விட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நடுத்தெரு வெறிச்சென்று இருந்தது. மின்கம்பத்தை ஒட்டி யாரும் நிற்கவில்லை. பூவராகனுக்கு மூச்சு சீராக வந்தது. தோற்றுவிட்டாள், ஒழிந்தது என்று நினைத்தார்.

அப்போதுதான் அந்த மின்கம்பத்தில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தார்.

கண்ணீர் அஞ்சலி என்று மேலே போட்டிருந்தது. நடுவில் ஆதிமூலம், மகள் கல்யாணத்தில் கட்டிய பட்டு வேட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான். மறைவு செவ்வாய்க்கிழமை. கீழே, துயரத்தில் வாடும் குடும்பத்தார் என்று ஒரு வரிசை. வரிசையில் முதல் பெயர், மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிய எழுத்தில்: அண்ணன் பெ. பூவராகன்.

கார் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, கால் தானாக அழுத்தியது. இன்ஜின் ஒரு முறை குலுங்கி அணைந்தது.

அம்மையும் போஸ்டரைப் படித்தார். மெதுவாக, கடைசிப் பெயர் வரைக்கும் படித்தார். பிறகு தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"வீடு எது ஐயா?"

பூவராகன் கையை நீட்டிக் காட்டினார்.

வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அங்கேயும் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. பூவராகன் அதன் கீழேயே நின்றார். தன் பெயருக்கு அடியில் நின்றார். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய் ஒரு மாதமாகக் கிடந்தானாம். புதன்கிழமை தகனம். அண்ணன் வருவார் என்று சாயங்காலம் வரைக்கும் பாடையைத் தூக்காமல் வைத்திருந்தார்களாம். இதையெல்லாம் அண்டை வீட்டுக்காரர்கள் யாருக்கோ சொல்வது மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வெளியே வந்தான். பத்திரிகையில் பெயர் வராமல் போனதற்கு இவன் வீடுதான் காரணம். அவர் முகத்தைப் பார்க்காமல் போஸ்டரைப் பார்த்துச் சொன்னான்.

"மாமாவே சொல்லிட்டுப் போனதுங்க. பத்திரிகையில விட்டுப்போச்சு, இதுலயாவது எங்கண்ணன் பேரை முதல்ல போடுங்கடான்னாரு. எழுத்து பெருசா இருக்கணும்னாரு. தாள்ல எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்தாரு."

பூவராகன் தன் பெயரை மறுபடி படித்தார்.

உள்ளே அஞ்சலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணாடி இறங்கலைம்மா" என்றார்.

அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணாடி இறங்கலைன்னா கதவு இல்லையா அம்மை?"

அஞ்சலை சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரை விடுங்க. அவருக்குக் கோவம். நீங்க உள்ளதான உக்காந்திருந்தீங்க? என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத்தான உக்காந்திருந்தீங்க? கண்ணாடிக்கு உள்ள ரெண்டு பேரு இருந்தீங்க."

அந்தப் பேச்சு வாசல் வரைக்கும் கேட்டது. ஊரே கும்பிடுகிற அம்மையை அப்படிக் கேட்டதற்கு யாரும் அவளை அதட்டவில்லை. அதட்ட என்ன இருக்கிறது?

பூவராகன் படியேறி நிலைப்படியில் நின்றார்.

"அஞ்சலை... கடைசியா என்ன சொன்னான்? எங்கிட்ட என்ன சொல்லச் சொன்னான்?"

அஞ்சலை அவர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மையிடம்தான் சொன்னாள்.

"அவருகிட்டச் சொல்ல வேண்டியதை ரெண்டு வாட்டி கண்ணாடிகிட்டச் சொல்லிட்டேன். மூணாவது வாட்டி சொல்ல எனக்கு வாய் இல்லை. உங்ககிட்டச் சொல்றேன். அப்புறம் உங்க பாடு."

அம்மையின் காதோரம் குனிந்து சொன்னாள். நீளமாக ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். கேட்டுக்கொண்டிருந்த அம்மையின் கண் நிறைந்து வழிந்தது. பூவராகன் அம்மை அழுது அதுவரை பார்த்ததில்லை.

திரும்பிப் போகும்போது அம்மை காரில் ஏறவில்லை. குடில் வரைக்கும் நடந்தே போனார். பூவராகன் காலிக் காரை நடக்கிற வேகத்தில் அவர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு பேர் வந்து, கண்ணாடியைப் பிடிப்பதா அம்மையைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள்.

குடிலில் வந்து காரை நிறுத்தியதும் அந்தச் சிறிய பொத்தானை மறுபடி அழுத்திப் பூட்டை எடுத்துவிட்டார். இன்ஜினை நிறுத்தி, சாவியை முழுக்க அணைக்காமல் பின்னால் போய் உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டு வாரமாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, கழற்றி மாட்டியதில் முன்பைவிடச் சுகமாக இறங்கியது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வெடித்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுது ஓய்ந்து இறங்கியபோது அம்மை எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"சரியாயிடுச்சா ஐயா?"

"கெட்டே போகலை அம்மை. நான்தான் பூட்டி வச்சிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"முதல் வெள்ளிக்கிழமையே தெரியும். இங்க வர்றதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் பொண்ணுங்களுக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தேன். முதல் நாள் பாடத்துலயே அந்தப் பொத்தானைக் காட்டிடுவேன்."

பூவராகன் கார்மேல் சாய்ந்துகொண்டார். ஃபியூஸைத் தூக்கிப் பார்த்தது, நெற்றியைச் சுருக்கியது, மழை வரும் என்றது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவமானத்துக்கு மேல் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் அம்மை கேக்கலை? ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்துவிட்டிருப்பேனே! என் தம்பி முகத்தைப் பார்த்திருப்பேனே!"

"நீங்களா எடுக்கணும்னு காத்திருந்தேன். சீடன் தானா திறக்கட்டும்னு. அப்படிக் காத்திருக்கிறதைப் பெரிய விஷயமா நினைச்சுக்கிட்டிருந்தேன். அது என் பாவம். அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது. உங்களோடதுல எனக்கும் பங்கு கிடையாது."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அம்மை" என்றார் பூவராகன். "தம்பி என்ன சொல்லச் சொன்னான்?"

அம்மை குடில் பக்கம் திரும்பினார்.

"உங்க கால்ல விழறேன். அதை மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் வேண்டாம். அது தெரியாம நான் எப்படிச் சாவேன்?"

கீழே விழப் போனவரை அம்மை தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பின்னாடி ஏறி உக்காருங்க. நான் உக்கார்ற இடத்துல."

உட்கார்ந்தார். அம்மை கதவைச் சாத்தினார். சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் வந்து, உட்காராமல், குனிந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமி ஓட ஆரம்பித்தது. கையை நீட்டிக் கண்ணாடியை ஏற்றினார். பிறகு, பார்க்காமலே, அந்தச் சிறிய பொத்தானை அழுத்தினார். அந்தக் கதவையும் சாத்திவிட்டு இடது பக்கம் வந்து நின்றார்.

அஞ்சலை வைத்த இடத்திலேயே உள்ளங்கையை வைத்தார்.

அம்மையின் உதடு அசைந்தது. பூவராகன் காதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். இன்ஜின் சத்தம்தான் கேட்டது. சுவிட்சை அழுத்தினார். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். முப்பத்தோரு வருடத் தொழில் விரலில் இருந்தது, அதனால் அழுத்திக்கொண்டே இருந்தார். அம்மை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அவர் கன்னத்தில் மறுபடியும் கண்ணீர் இறங்கியது. அண்ணன் என்று ஒரு இடத்தில் வந்தது போல இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

உதடு நின்றது. கை கண்ணாடியை விட்டு எடுபட்டது.

அப்போதுதான் பூவராகனுக்குக் கதவு ஞாபகம் வந்தது. பிடியை இழுத்துத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார்.

"கேக்கலை அம்மை! ஒண்ணுமே கேக்கலை! என்ன சொன்னீங்க?"

அம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் படிந்திருந்த தன் கை அச்சை ஒரு கணம் பார்த்தார். அதைத் துடைக்கவில்லை.

"சொல்லியாச்சு ஐயா" என்றார்.